வைக்கோல் தீயில் முறுக்கேறும் பறை

அலங்காநல்லூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், தை பிறந்து சில நாள் ஆகியிருந்த ஓர் இரவு. சாமி புறப்பாட்டுக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். திடலின் ஓரத்தில், வேப்பமரத்தடியில், ஆறு பறைக்கலைஞர்கள் ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்திக் குனிந்து நின்றார்கள். அவர்களில் மூத்தவர் தம் பறையின் தோலைத் தீக்கு நேரே சாய்த்து, வண்டிச் சக்கரத்தை உருட்டுவதுபோல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பனியில் ஊறிய அந்தப் பறை சற்று முன்பு ‘தொப்பு தொப்பு’ என்றுதான் பேசியது. இரண்டு நிமிடம் காய்ந்ததும் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினார். ‘ணக்’ என்றது. பக்கத்தில் நின்ற என்னிடம், “இன்னும் வாங்கவில்லை, தம்பி” என்று சொல்லிவிட்டு மறுபடி தீயின் பக்கம் திரும்பினார். மூன்றாம் முறை தட்டியபோது ‘ணங்’ என்று எழுந்த ஒலி எதிர்வீட்டுச் சுவரில் மோதித் திரும்பியது. தோளில் வாரை மாட்டிக்கொண்டார்.

பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது ஒரு சடங்கு. மீதிப் பேருக்கு வெறும் தாமதம். விழா நடத்துகிறவர்கள் “சீக்கிரம், சீக்கிரம்” என்று விரட்டுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு கார்த்திகை மாதம், மழை விட்ட மாலையில், ஒரு கல்லூரி வளாகத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று அருமையான கலைஞர்கள் எட்டுப் பேர் ஈரச் சாக்கை அடிப்பதுபோல அரை மணி நேரம் அடித்துவிட்டுத் தலைகுனிந்து இறங்கினார்கள். பறை வாசிப்பவரின் கலையில் பாதி, அடிப்பதற்கு முன்பே அந்தத் தீயருகே நடந்துவிடுகிறது. அங்கே நடப்பது என்ன என்று தெரிந்தால் யாருக்கும் விரட்ட மனம் வராது.

பறை பார்வைக்கு எளிமையானது. வேப்பமரத்தில் இழைத்த மூன்று துண்டுகளை இரும்புத் தகடால் இணைத்து வட்டச் சட்டம் செய்வார்கள். குறுக்களவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். அதன் ஒரு பக்கத்தில் மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவைப்பார்கள். மறுபக்கம் திறந்தே கிடக்கும். மிருதங்கத்துக்கு வார்கள் உண்டு, இப்போதைய தவிலுக்குத் திருகாணிகள் உண்டு. இறுக்கவும் தளர்த்தவும் வழி இருக்கிறது. பறைக்கு அப்படி ஒன்றுமே கிடையாது. ஒட்டியது ஒட்டியதுதான். அதற்கு இருக்கும் ஒரே திருகாணி நெருப்பு.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதம். அதன் இழைகள் பாயைப்போல ஒழுங்காக முடையப்படாமல், எல்லாத் திசையிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தண்ணீரைக் கண்டால் கொலாஜன் விடாது. காற்றில் ஈரம் ஏறினாலே போதும், நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு இடையில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். இழைகள் உப்பும், ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், தோல் தொய்ந்துபோகும். தீயில் காட்டும்போது அந்த நீர் ஆவியாக வெளியேறுகிறது. இழைகள் நெருங்கி வருகின்றன, தோல் சுருங்கப் பார்க்கிறது. ஆனால் அதன் விளிம்பு சட்டத்தோடு ஒட்டப்பட்டிருக்கிறதே, எங்கே சுருங்குவது? சுருங்க முடியாத அந்த ஆத்திரம்தான் இழுவிசையாக மாறுகிறது. “வாங்குகிறது” என்று அந்த மூத்தவர் சொன்னது இதைத்தான்.

இழுபட்ட தோல் ஒன்றின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒலி ஓர் அரைச்சுரம் உயர வேண்டுமானால் இழுவிசை சுமார் 12 சதவீதம் ஏற வேண்டும். அதிர்வெண் இரு மடங்காக வேண்டுமானால் நான்கு மடங்கு ஏற வேண்டும். எடைக்கும் இதில் பங்கு உண்டு. ஈரத்தோல் கனமானது, கனமான தோல் மந்தமாக அதிரும். தீ ஒரே நேரத்தில் தோலை இறுக்கவும் செய்கிறது, இலேசாக்கவும் செய்கிறது. இரண்டும் ஒலியை மேலே தூக்குகின்றன.

அப்படியானால் பெரிய நெருப்பாக மூட்டி ஒரே நிமிடத்தில் முடித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. நன்றாக நனைந்த கொலாஜன் 60 முதல் 65 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே சிதையத் தொடங்கும். இழைகளின் முறுக்கு அவிழ்ந்து தோல் சட்டென்று சுருண்டு, காய்ந்தபின் கொம்புபோல உடையும். எலும்பு சூப்பில் பசை இறங்குவதும் இந்தச் சிதைவின் விளைவுதான். உலர்ந்த தோலோ இதைவிட எவ்வளவோ கூடுதல் வெப்பத்தைத் தாங்கும். ஆகவே ஈரமாக இருக்கும்போது தீயிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். ஈரம் போகப் போக நெருங்கலாம். எந்த இடமும் இரண்டு நொடிக்கு மேல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் முதலில் முழங்கை நீளத்துக்கு விலக்கிப் பிடித்ததையும், இடையிடையே புறங்கையைத் தோலில் வைத்துப் பார்த்ததையும், கடைசியில் மட்டும் ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனதையும் அன்று பார்த்தேன். ஆய்வகத்தில் வெப்பமானி வைத்துச் செய்யும் வேலையை அவர் தம் புறங்கையால் செய்தார். வைக்கோலைத் தேர்ந்தெடுப்பதிலும் அறிவு இருக்கிறது. அது குப்பென்று எரிந்து உடனே அடங்கிவிடும், கங்கு தங்காது. ஒரு பிடி கூட்டலாம், ஒரு பிடி குறைக்கலாம். சூட்டை அளந்து கொடுக்க அதைவிட வசதியான விறகு எனக்குத் தெரியவில்லை.

தீயை விட்டு எடுத்த நொடியிலிருந்தே தோல் காற்றின் ஈரத்தை மறுபடி குடிக்கத் தொடங்கிவிடும். இரவு ஏற ஏறக் காற்று குளிர்ந்து ஈரப்பதம் கூடும். அதனால்தான் நள்ளிரவுக்கு மேல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் கலைஞர்கள் நெருப்பைத் தேடிப் போகிறார்கள். களைத்துப்போனது கலைஞர் அல்ல, தோல்.

முறுக்கேறிய பறையை எழுப்பும் குச்சிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. வலக்கையில் குட்டையும் தடிமனுமான அடிக்குச்சி, பூவரசில் செதுக்கியது. இடக்கையில் நீளமும் மெலிவுமான சிண்டுக்குச்சி; மூங்கிலைச் சீவியது. கனமான குச்சி தோலில் பட்டு மீள்வதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதிலிருந்து தாழ்ந்த ஒலி பிறக்கும். மூங்கில் சிம்பு பட்ட வேகத்திலேயே விலகிவிடும். தொடும் நேரம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்கள் கிளம்பும். ‘சுர்’ என்ற அந்தக் கூர்மை அப்படி வருவது. தோலின் நடுவில் அடித்தால் ஒரு குரல், விளிம்பருகே அடித்தால் வேறு குரல். இரண்டு குச்சிகளையும் பல இடங்களையும் சேர்த்தால் ஒற்றைத் தோலில் ஒரு குடும்பமே பேசும்.

பறையின் முதுகு திறந்திருப்பதற்கும் பொருள் உண்டு. தோல் முன்னே பாயும்போது முன்புறக் காற்று அழுந்துகிறது, பின்புறக் காற்று தளர்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர். 35 சென்டிமீட்டர் சட்டம் அதற்கு ஒரு தடையே இல்லை. முன்னலையும் பின்னலையும் விளிம்பைச் சுற்றிக் கலந்து ஒன்றையொன்று தின்றுவிடும். 3000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர்தான். அது சட்டத்தைச் சுற்றி வர முடியாமல் நேராகப் புறப்பட்டுப் போகும். ஆக, அடிநாதம் மெலிந்து மேல்நாதம் ஓங்குகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான். வயல்வெளி தாண்டி அடுத்த ஊருக்குச் சேதி சொன்ன கருவி இது. பறைதல் என்றாலே சொல்லுதல்தானே.

கச்சேரி மேடைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. வெறும் தோலின் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் அமைகின்றன. முழு எண்களாக இல்லாததால் காதுக்கு நிலையான சுருதி கிடைப்பதில்லை. பாட்டோடு சேர வேண்டிய மிருதங்கத்துக்கு இது ஒத்துவராது. அதனால் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் சாதத்தையும் கிட்டக்கல் பொடியையும் பிசைந்து, மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்துத் தேய்த்துக் கரணை ஏற்றினார்கள் நம் முன்னோர். அந்தக் கருவட்டத்தின் கனம் அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்குக்கு இழுத்துவருகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1920இல் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். தோலின்மேல் மணலைத் தூவி, அது கோலமாக ஒதுங்கும் விதத்தைப் பார்த்து 1934இல் விரிவாக விளக்கினார். ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுவதை அவர் காட்டியபோது, அந்தக் கரணையை இட்டுவந்த கைகளுக்கு அது பல தலைமுறைப் பழக்கமாக இருந்தது.

பறைக்கு அந்த நிலையான சுருதி தேவைப்படவில்லை. அதற்கு வேண்டியது வெடிப்பும் ஒற்றுமையும். ஒற்றுமை என்று சொல்லும்போது ஒரு பெரிய சிக்கல் குறுக்கே வருகிறது. அது காற்றின் மந்தம்.

வெயிலேறிய மதுரைக் காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். ஊர்வலத்தில் கலைஞர்கள் 20 மீட்டர் நீளத்துக்கு வரிசையாக நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இருப்பவர் அடித்த அடி கடைசி ஆளின் காதுக்கு 57 மில்லிநொடி கழித்துத்தான் வரும். நொடிக்கு எட்டு அடி விழும் துரித நடையில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 125 மில்லிநொடி. அதில் பாதி வழியிலேயே போய்விடுகிறது! கடைசி ஆள் காதை நம்பி வாசித்தால், அவருடைய அடி முன்னவரிடம் திரும்பிவரும்போது 114 மில்லிநொடி கடந்திருக்கும். கிட்டத்தட்ட ஓர் அடியே பிந்திவிடும். முன்னவர் அவருக்காகக் காத்தால் நடை இழுபடும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் குழம்பும்.

ஆனால் குழம்புவதில்லை. ஏனென்றால் அவர்கள் காதால் மட்டும் வாசிப்பதில்லை. முன்னே நிற்கும் ஆசானின் குச்சி மேலே போவதைக் கண் பார்க்கிறது. ஒளிக்குத் தாமதம் கிடையாது. அடவு வைக்கும் கால், குனியும் இடுப்பு, திரும்பும் தோள் எல்லாமே கடிகாரம். பறையாட்டத்தில் ஆட்டம் அழகுக்காகச் சேர்ந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, ஆட்டம் இல்லாமல் நீண்ட வரிசையில் இவ்வளவு துல்லியம் முடியாது என்று எனக்குப் படுகிறது. நடை மாற்றும் நேரத்தில் எல்லோரும் வட்டமாக நெருங்குவதைக் கவனியுங்கள். ஆறு மீட்டர் வட்டத்தில் எதிரெதிர் நிற்பவர்களுக்கு இடையே தாமதம் வெறும் 17 மில்லிநொடி.

இவ்வளவு நுட்பத்தைச் சுமக்கும் காதுக்கு நாம் என்ன செய்கிறோம்? 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்வரை தாங்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலை எட்டினால் 15 நிமிடம்தான். உள்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை பட்டுப்போனால் மீண்டும் முளைப்பதில்லை. பறையும் தவிலும் காதுக்கு ஒரு முழத்தில் விடிய விடிய ஒலிக்கின்றன. காதடைப்பான் விலை சொற்பம். ஆனாலும் அதை மாட்டிக்கொண்டு வாசிக்கும் கலைஞரை எங்கள் பக்கத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை, பார்க்க ஆசைப்படுகிறேன்.

பிழைப்பும் ஈரத்தைப் பொறுத்துத்தான் இருக்கிறது. மாசி, பங்குனி, சித்திரை, ஆடி என்று கோயில் பொங்கலும் முளைப்பாரியும் வரும் மாதங்களில் ஓய்வில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அழைப்பும் குறையும், தோலும் தொய்யும். சாவு வீட்டுக்கு மட்டுமே உரியது என்று சாதியின் பெயரால் ஒதுக்கிவைத்த கருவி இது. அதே கருவிக்காக அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது பலருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். இன்று கல்லூரி மாணவிகளும் ஐடி ஊழியர்களும் பறை கற்க வருகிறார்கள். மழைக்காலத்துக்குப் பாலியெஸ்டர் படலம் மாட்டிய பறை சிலரிடம் இருக்கிறது. அது ஈரம் குடிக்காது, நெருப்புக் கேட்காது. ஆனால் தோலின் பின்னல் இழைகள் அதிர்வைத் தமக்குள் வாங்கி அடக்குவதுபோல அது அடக்குவதில்லை. ஒலி கொஞ்சம் வறட்டுத்தனமாக நீளும். மழையில் வருமானம் இழந்தவர் அதை எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். காது மட்டும் தோலைத்தான் கேட்கிறது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வரும் வழியில் பக்தர்கள் தோப்பறையில் நீர் நிரப்பித் துருத்தியால் பீய்ச்சுவார்கள். தோப்பறையும் ஆட்டுத்தோல்தான். ஒரு வருடம் தல்லாகுளத்தில் அந்தத் தண்ணீர் ஓர் இளம் கலைஞரின் பறைமேல் முழுக்க விழுந்ததைப் பார்த்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. தோள்துண்டால் தோலை ஒற்றியெடுத்தார், தேய்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே ஒரு வறுகடலை வண்டியிடம் போனார். வண்டிக்காரர் எதுவும் கேட்காமல் வாணலியை இறக்கி ஓரமாக வைத்தார். முதலில் முழங்கை தூரம், பிறகு ஒரு சாண். பறை மெதுவாகச் சுழன்றது. தட்டிப் பார்த்தார். மறுபடி சுழற்றினார். வண்டிக்காரர் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார்.