வீடியோ கோலில் ரிப்போர்ட் காட்டும்போது

வாகரையில் இருப்பவர் மட்டக்களப்புக்கும், பொத்துவிலில் இருப்பவர் கல்முனைக்கும் ரிப்போர்ட் காட்டுவதற்காக மட்டும் ஒரு நாள் கூலியை விட்டு வரத் தேவையில்லை. சீனி வருத்தம், பிறசர், தைரொயிட் மூன்றையும் போன் வழியே நன்றாகக் கவனிக்கலாம். ஆனால் தடித்த எழுத்திலுள்ள ஒரு வரியை மட்டும் படமெடுத்து அனுப்பி, "டொக்டர், குளிசையைக் கூட்டவா?" என்று கேட்டால் சரியான பதில் சொல்ல முடியாது.

முழுப் பக்கமும் தெரிய வேண்டும்: பெயர், இரத்தம் எடுத்த திகதி, நேரம், அலகு. அலகில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஓர் ஆய்வுகூடம் சீனியை 130 மில்லிகிராம் என்று எழுதும். இன்னொன்று அதே அளவை 7.2 மில்லிமோல் என்று எழுதும். எச்பிஏ1சி என்ற பரிசோதனையில் 7 வீதம் என்பதோ கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சீனி இருந்த போக்கு. "சீனி ஏழு" என்று வாயால் சொன்னால் எதைச் சொல்கிறீர்கள் என்று விளங்காது.

எச்பிஏ1சி கூடியிருந்தால் முதலில் கேட்பது, குளிசை தவறாமல் போட்டீர்களா என்பதைத்தான். இரத்தச்சோகை, தலசீமியா (பரம்பரை இரத்த நோய்) உள்ளவர்களில் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. வீட்டில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்திலும் பார்த்த அளவுகள் அப்போது கைகொடுக்கும்.

மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது இரத்தத்திலுள்ள பொட்டாசியம் என்ற உப்பு. லொசார்டன், எனலாப்ரில் போன்ற பிறசர் குளிசைகளைத் தொடங்கினாலோ அளவைக் கூட்டினாலோ ஒன்று இரண்டு வாரத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியேற்றினினும் பார்க்க வேண்டும். கிரியேற்றினின் பழைய அளவிலிருந்து 30 வீதம் வரை ஏறுவதைப் பெரும்பாலும் பொறுக்கலாம்; பயந்து நீங்களாகவே குளிசையை நிறுத்த வேண்டாம். பொட்டாசியம் 5.8 என்று வந்தால் இரத்தம் எடுத்த விதத்தையும் கேட்போம். கையை மூடித் திறந்தாலும், ஊசியில் இரத்த அணுக்கள் உடைந்தாலும், எடுத்த இரத்தம் ஆய்வுகூடம் போய்ச்சேர மணிக்கணக்கில் தாமதித்தாலும் அது பொய்யாக ஏறும். அதற்காகப் பொய் என்றே முடிவு கட்டவும் கூடாது: சிறுநீரக வருத்தம், ஸ்பிரோனோலக்டோன் என்ற சிறுநீர் போக்கும் குளிசை, டைக்ளோபெனாக் போன்ற நோவுக்கான மருந்துகள், சிறுநீரகம் பழுதானவர் நாளாந்தம் குடிக்கும் இளநீர் எல்லாமே உண்மையாக ஏற்றும். ஆகவே உடனே திரும்பப் பார்க்க வேண்டும். 6ஐத் தாண்டினாலோ, உடல் சோர்ந்து நெஞ்சு படபடத்தாலோ போனை வைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். ஈசிஜி எடுக்காமல் தீர்மானிக்கிற விடயம் அல்ல அது.

தைரொயிட் குளிசையான தைரொக்சின் அளவை மாற்றினால் ஆறு வாரத்துக்கு முன் டிஎஸ்எச் என்ற தைரொயிட் பரிசோதனை பார்ப்பதில் பயனில்லை. அந்தக் குளிசைக்கும் இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கும் இடையே நான்கு மணித்தியாலம் விட வேண்டும். இந்த இடைவெளி இல்லாததாலேயே டிஎஸ்எச் இறங்காமல் நிற்பதும் உண்டு. அங்கே கூட்ட வேண்டியது அளவை அல்ல.

வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு 8 முதல் 12 மணித்தியாலம் தண்ணீர் மட்டும். பிறசர் குளிசையை வழமைபோல் போடலாம். சீனிக் குளிசையான கிளிக்லசைட்டை இரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டோடுதான்.

மருந்து மாறிய பிறகுதான் பெரிய பிழைகள் நடக்கின்றன. 50 மில்லிகிராம் லொசார்டனில் இரண்டு போட்டவருக்கு பாமசியில் 100 கிடைக்கும். அவர் அதிலும் இரண்டு போடுவார். அரச கிளினிக்கில் தந்த மருந்தையே வேறு பெயரில் வெளியில் வாங்கி இரண்டையும் விழுங்குவோரும் இருக்கிறார்கள். கோலை வைக்கும் முன் எல்லாப் பெட்டிகளையும் கமராவுக்குக் காட்டி, புதிய அளவை மில்லிகிராமில் சொல்லச் சொல்லி, அடுத்த இரத்தப் பரிசோதனைத் திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதுங்கள்.