பார்த்துக்கொள்பவரின் பெயரில் பணம் வராது: பராமரிப்பு உதவித்தொகை கேட்டுப் போகும் முன்

வடசென்னை வியாசர்பாடியில் ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்துக் குடும்பம் நடத்திய ஒரு பெண்மணி, கணவருக்குப் பக்கவாதம் வந்த மறுமாதமே நான்கு வீடுகளை விட்டுவிட்டார். படுத்திருப்பவரைப் புரட்டிப் போடவும், கழிவை எடுக்கவும், வேளைக்குக் கஞ்சி ஊட்டவும் ஆள் வேண்டும். அந்த ஆள் அவர்தான். "என் பேர்ல கவர்மென்ட்ல எதுவும் கிடையாதா?" என்று அவர் கேட்டபோது, நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது: உங்கள் பெயரில் ஏறக்குறைய எதுவும் இல்லை, அவருடைய பெயரில் இருக்கிறது, அதையும் சரியான தாளோடு சரியான கதவைத் தட்டினால்தான் தருவார்கள். அவர் தட்டிய கதவு தவறானது. அதில் பதினொரு மாதங்கள் போயின.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டத்தை அரசுகள் வகுக்க வேண்டும் என்று தன் 24ஆம் பிரிவில் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு நெடுங்காலமாக இருக்கும் வடிவம், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை. 1500 ரூபாயாக இருந்த இத்தொகை 2023இல் மாதம் 2000 ரூபாய் ஆனது. அறிவுசார் குறைபாடு உடையோர், உடல் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர், முதுகுத் தண்டுவடக் காயம், பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோர் இதன் பயனாளிகள். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் இருப்பவர் எந்தப் பெயரில் இதற்குள் வருகிறார் என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், ஏனென்றால் அலுவலகத்தில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

இப்போது கண்ணிகளுக்கு வருவோம். முதல் கண்ணி சதவீதம். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். கை கால் பாதிப்பு உடையவர்கள் "கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்" என்ற வகையில் வர வேண்டுமானால் 75 சதவீதம் வேண்டும். பக்கவாதத்தில் விழுந்து படுக்கையிலேயே இருப்பவருக்கு 70 என்று எழுதிக் கொடுத்த சான்றிதழ்களை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். எழுதிய மருத்துவருக்கு அது ஓர் எண்; அந்த ஐந்து சதவீதம் அந்த வீட்டுக்கு மாதம் 2000 ரூபாய். சான்றிதழ் கைக்கு வந்ததும் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அங்கேயே, மருத்துவமனை வளாகத்திலேயே நின்று படித்துப் பாருங்கள்.

பக்கவாதத்தில் கை கால் மட்டும் போவதில்லை. பலருக்குப் பேச்சும் போய்விடுகிறது. எலும்பியல் அல்லது நரம்பியல் மருத்துவர் கை காலை மட்டும் அளந்து சான்று தருவார். பேச்சை அளக்க வேறு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இரண்டையும் அளந்தால் பல்வகைக் குறைபாடாகக் கணக்கிடுவதற்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: பெரிய எண்ணை 90இலிருந்து கழித்து, வந்ததைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். கை காலுக்கு 65, பேச்சுக்கு 40 என்றால் மொத்தம் 76 ஆகிறது. ஆகவே பேச்சு போயிருந்தால் அதையும் பரிசோதிக்கச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள். கொடுத்த சதவீதம் தவறு என்று தோன்றினால், அந்த முடிவு எடுக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய விதி இடம் தருகிறது; நோயாளியால் இயலாதபோது அவருடைய பாதுகாவலர் செய்யலாம். "அதெல்லாம் கிடையாது, போர்டுல போட்டது போட்டதுதான்" என்று சொல்லப்பட்டால், எழுத்தில் கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்குங்கள். எழுத்தில் கேட்டவுடன் பல "கிடையாது"கள் "பார்க்கலாம்" ஆவதை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது கண்ணி, சான்றிதழில் இருக்கும் தேதி. பக்கவாதம் வந்த உடனே அளந்து சான்று தரமாட்டார்கள். உடல் ஒரு நிலைக்கு வரட்டும் என்று சில மாதங்கள் காக்க வைப்பார்கள், அது நியாயம்தான். ஆனால் அதன் பிறகு தரும் சான்று தற்காலிகமா நிரந்தரமா என்பதைப் பாருங்கள். தற்காலிகச் சான்றில் காலாவதி தேதி இருக்கும். அது முடிந்தபின் உதவித்தொகை நின்றால், மீண்டும் தொடங்குவதற்கு ஆகும் மாதங்களின் பணத்தை எந்த மேசையும் திருப்பித் தருவதில்லை. காலாவதிக்கு மூன்று மாதங்கள் முன்பே மறுபரிசோதனைக்குப் போய்விடுவது நல்லது. இப்போது எல்லாம் தனித்துவ அடையாள அட்டை எனப்படும் யூ.டி.ஐ.டி. வழியாகத்தான் நடக்கிறது. அதில் உள்ள பெயரின் எழுத்தும், ஆதாரில் உள்ள பெயரின் எழுத்தும், வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரின் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருந்தாலும் கணினி ஏற்க மறுக்கும். மறுப்பது கணினிதான், ஆனால் அலைவது நீங்கள்.

மூன்றாவது கண்ணியே மிகப் பெரியது, வியாசர்பாடிப் பெண்மணி விழுந்ததும் அதில்தான். மாற்றுத்திறனாளிக்கு மாதப் பணம் தரும் கதவுகள் இரண்டு. ஒன்று வருவாய்த்துறை, அதாவது வட்டாட்சியர் அலுவலகம். அது தருவது ஓய்வூதியம், 1500 ரூபாய். மற்றொன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் மாவட்ட அலுவலகம். பராமரிப்பு உதவித்தொகையான 2000 ரூபாயை அதுதான் தருகிறது. ஒருவர் இரண்டையும் வாங்க முடியாது. நம் மக்களுக்குத் தெரிந்தது தாலுகா ஆபீஸ்தான் என்பதால் தண்டையார்பேட்டை, பெரம்பூர் என்று அங்கேதான் முதலில் போகிறார்கள். அங்கே இருப்பவருக்கு வேறு துறையின் திட்டத்தைச் சொல்ல வேண்டிய கடமை இல்லை போலும். விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறார்கள், ஓய்வூதியம் வருகிறது. பிறகு யாரோ சொல்லக் கேட்டு மற்ற அலுவலகத்துக்குப் போனால், "ஏற்கெனவே வாங்குகிறீர்களே" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி வாங்கிக்கொண்டிருப்பவர் ஓய்வூதியத்தை நிறுத்தியதற்கான கடிதத்தை வட்டாட்சியரிடம் பெற்று மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தர வேண்டியிருக்கும். ஒரே எச்சரிக்கை: புதிய விண்ணப்பத்துக்கு ஆணை எப்போது கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பழையதை நிறுத்தாதீர்கள். பராமரிப்பு உதவித்தொகைக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. பழையதை நிறுத்திவிட்டுப் புதியதற்காகக் காத்திருக்கும் மாதங்களில் இரண்டுமே வராது.

இதோடு இன்னொரு தொகையும் இருக்கிறது. அன்றாடக் காரியங்களுக்கு இன்னொருவரின் துணை தேவைப்படும், உயர் ஆதரவு தேவையுடைய மாற்றுத்திறனாளிகளுக்கு உதவியாளர் தொகையாக மாதம் 1000 ரூபாய். பார்த்துக்கொள்பவரின் உழைப்பை ஓரளவாவது பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளும் திட்டம் இது ஒன்றுதான், ஆனாலும் பராமரிப்பு உதவித்தொகை வாங்கும் பல குடும்பங்களுக்கு இதைப் பற்றித் தெரியவில்லை. ஒன்று வருகிறது என்பதால் மற்றது தானாக வராது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீங்களாகக் கேட்டால்தான் படிவம் கிடைக்கும்.

முகவரியைப் பற்றி வடசென்னைக்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டும். திருவொற்றியூர், மாதவரம் பகுதிகள் 2018இல்தான் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தன. மாநகராட்சி எல்லைக்குள் அதற்கு முன்பே வந்துவிட்டதால் பலருக்கு இந்த மாற்றம் கண்ணிலேயே படவில்லை, பழைய சான்றிதழிலும் ஆதாரிலும் திருவள்ளூர் என்றே இருக்கும். அதைத் திருத்தாமல் போனால் சென்னை அலுவலகம் அங்கே போகச் சொல்லும், திருவள்ளூர் அலுவலகம் இங்கே போகச் சொல்லும். இதற்கு நேர் எதிர்த் திசையில் அவதிப்படுபவர்கள், கரையோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டுப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள். அவர்களுடைய மருத்துவமனை இன்னும் ஸ்டான்லிதான், குடும்ப அட்டை சில வேளை இன்னும் பழைய முகவரியில்தான், ஆனால் குடியிருப்பதோ செங்கல்பட்டு மாவட்டம். முகவரி எந்த மாவட்டமோ அந்த மாவட்ட அலுவலகம்தான் பணம் தரும் என்பதால், முதலில் குடும்ப அட்டையையும் ஆதாரையும் ஒரே முகவரிக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள்.

வங்கி. மகனுக்கோ மகளுக்கோ அறிவுசார் குறைபாடு என்றால் தாயோ தந்தையோ சேர்ந்த கூட்டுக் கணக்கில் பணம் போடுவார்கள். பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால் வங்கி திடீரென்று "கையெழுத்து எங்கே, கார்டியன் ஆர்டர் எங்கே" என்று கேட்கத் தொடங்கும். பெற்ற தாய்தானே என்ற பதில் அங்கே செல்லாது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழு சட்டபூர்வப் பாதுகாவலர் சான்று தருகிறது. இதற்கு நீதிமன்றம் போகத் தேவையில்லை, வக்கீலுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. இந்தக் குழு தரும் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கிளையில் இருப்பவருக்கு அது தெரியாவிட்டால் மேலாளரைக் கேளுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் வந்தவுடனே விண்ணப்பித்துவிடுங்கள், பணம் முடங்கிய பிறகு அல்ல. அதே சட்டத்தின் கீழ் வரும் நிரமயா என்ற மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. முதலமைச்சர் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் உதவும் என்பதால், வெளிநோயாளியாக வாரந்தோறும் பயிற்சிக்குப் போகும் குழந்தைகளுக்கு நிரமயா பயன்படும்.

பணம் வரத் தொடங்கிய பிறகும் கதை முடிவதில்லை. ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கேட்பார்கள். படுக்கையில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார் என்பதைத் தாளில் எழுதிக் கொண்டுவரும் வரை அரசுக்கு அவர் உயிரோடு இல்லை. பணம் ஒரு மாதம் வரவில்லை என்றால் "பட்ஜெட் வரல" என்ற பதிலை நம்பிக் காத்திருக்காமல், வாழ்நாள் சான்று பாக்கியா என்று முதலில் கேளுங்கள்.

பெண்களிடம் பரவியிருக்கும் ஒரு பயத்தையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒருவர் பராமரிப்பு உதவித்தொகை வாங்கினால் மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய் நின்றுவிடும் என்று சொல்லி, விண்ணப்பிக்கவே விடாமல் செய்கிறார்கள். மாற்றுத்திறனாளிக்கான தொகையை வாங்கும் உறுப்பினர் வீட்டில் இருப்பது மட்டுமே குடும்பத் தலைவியைத் தகுதி நீக்கம் செய்யும் காரணம் ஆகாது. வருமானம், மின் பயன்பாடு போன்ற மற்ற நிபந்தனைகள் வழக்கம்போல உண்டு.

பணமில்லாத உதவிகளில் உண்மையில் கையில் கிடைப்பது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும், ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் வீட்டுக்கே வர வேண்டும். புண் கட்டவும், குழாய் மாற்றவும் ஆட்டோ பிடித்து நோயாளியைத் தூக்கிப் போவதை இது மிச்சப்படுத்தும். உங்கள் வார்டின் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்தால்தான் வருவார்கள். தெருவில் மாத்திரை கொடுக்க வரும் பெண் பணியாளரிடம் சொல்வதே குறுக்கு வழி. சாதாரணக் கட்டணப் பேருந்தில் மாற்றுத்திறனாளியோடு துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. நடத்துனர் மறுத்தால் அடையாள அட்டையைக் காட்டுங்கள்.

மறதி நோய் உள்ள பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள்தான் மிகவும் கைவிடப்பட்டவர்கள். சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் மறதி நோய் தன் பெயரில் இல்லை. அவர்களுக்கு முதியோர் ஓய்வூதியத்தைத் தாண்டிச் சொல்வதற்கு என்னிடம் அதிகம் இல்லை. பக்கவாதமோ பார்க்கின்சனோ சேர்ந்திருந்தால் அந்த வழியில் சான்று கேட்கலாம்.

விண்ணப்பம் கொடுத்து மாதங்கள் ஓடினால், நேரில் போய்ப் போய்க் கேட்பதை நிறுத்துங்கள். ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டு, என் விண்ணப்பம் யாருடைய மேசையில் எந்த நாளிலிருந்து இருக்கிறது, காத்திருப்போர் பட்டியலில் என் வரிசை எண் என்ன என்ற இரண்டே கேள்விகளை, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவஞ்சலில் அனுப்புங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும். இராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தாலும் எண் வாங்காமல் வராதீர்கள். இடையில் யாராவது "ஐயாயிரம் கொடுத்தா முடிச்சுத் தரேன்" என்றால், அந்த ஆளுக்குப் பட்டியலில் உங்கள் பெயரை மேலே ஏற்றும் அதிகாரம் எதுவும் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

விண்ணப்பம் கொடுக்க நோயாளியைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள்; மருத்துவப் பரிசோதனைக்குத்தான் அவர் வர வேண்டும், படிவம் கொடுக்க நீங்கள் போதும். பக்கத்து வீட்டில் யாரிடமாவது இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம் எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு முன் வாசலில் இருங்கள். பதினொன்றுக்குப் போனால் மறுநாள் வரச் சொல்வார்கள், மறுநாளும் வீட்டில் ஆள் இருக்காது.