அடைத்த தொண்டையோடு பிள்ளையைப் பாட விடாதீர்கள்

தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கினாலே எனக்குப் பயம் பிடித்துவிடும். குரல் அடைத்து வருகிறவர்களில் இந்த மாதத்தில் இது மூன்றாவது பிள்ளை. பதின்மூன்று வயது. என் சங்கீத வகுப்பு வாசலில் "வணக்கம் ரீச்சர்" என்றபோதே காற்றும் கரகரப்புமாகத்தான் குரல் வந்தது. சுருதிப் பெட்டியை மூடிவைத்தேன். தாய் விடவில்லை. "தொண்டை அடைச்சு அடைச்சுத்தானே ரீச்சர் குரல் திறக்கும்? அம்மம்மா அப்பிடித்தான் சொல்லுறவா."

திறக்காது, அம்மா. மண்வெட்டி பிடித்த கை காய்த்து உரமேறுவதுபோலக் குரலும் உரமேறும் என்று நினைக்கிறீர்கள். ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரம்) பாடும் பிள்ளை மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் 'ஸ'வில், நிற்கும்போது குரல் நாண்களின் இரண்டு மெல்லிய மடிப்பும் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 390 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. வீங்கியிருக்கும்போதும் மோதவிட்டால், மோதுகிற இடம் தடித்துப்போகும். கை காய்த்தால் பிடி இறுகும். நாண் காய்த்தால் இரண்டும் பொருந்தாது, இடைவெளியால் காற்று ஒழுகும். நீங்கள் கேட்கிற கரகரப்பு அதுதான். இரண்டு நாளில் குரல் திரும்பி வருகிறதே என்பீர்கள். பாடாமல் இருந்த இரண்டு நாளில் வீக்கம் வற்றியிருக்கும், வேறொன்றுமில்லை.

பச்சை முட்டை, தேன், கற்கண்டும் மிளகும் என்று போத்தல் போத்தலாகக் கொண்டு வராதீர்கள். விழுங்குகிற எதுவும் குரல் நாணில் படாது, பட்டால் புரைக்கேறும். தண்ணீர் குடிக்கக் கொடுங்கள், போதும்.

விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. போன வருசம் பரிசு எடுத்த பிள்ளை ஆறு கட்டையில் பாடினதாம். வீட்டில் கைபேசிச் சுருதியை ஆறுக்கு ஏற்றிவிட்டார்கள். நடுவராக இருந்தவள் சொல்கிறேன், கட்டைக்குப் புள்ளி இல்லை. சுருதி சேர்கிறதா என்றுதான் பார்ப்போம். கீழ்ப் பஞ்சமம், அதாவது கீழ் 'ப', காதில் விழவேண்டும், மேல் பஞ்சமத்தில் கழுத்து நரம்பு புடைக்கக்கூடாது. இரண்டும் சரிவரும் இடம்தான் அந்தப் பிள்ளையின் கட்டை. அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வேளை ஒரு மாதம் பிடிக்கும். அதுவரை மந்தர ஸ்தாயியில், கீழ்க் குரலில், 'ஆ' என்று இழுக்கும் அகாரமும், முதலாம் காலத்தில் ஆறுதலாகச் சரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சியும்தான். "இன்னும் கீர்த்தனை தொடங்கேல்லையோ?" என்று கேட்காதீர்கள்.

ஆண்பிள்ளைகளுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பழைய கட்டையை அன்றோடு விடுங்கள். தடிமன் பிடித்தால் பாட்டு வேண்டாம். குசுகுசுக்கவும் வேண்டாம், சில பிள்ளைகளுக்கு அதுவும் தொண்டையை இறுக்கும், மெதுவாகப் பேசட்டும். மூன்று கிழமைக்கு மேல் கரகரப்பு நின்றால் என்னிடம் கூட்டி வராதீர்கள், காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். தயவுசெய்து, போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அந்தப் பிள்ளை இப்போது என் பக்கத்தில் இருந்து தாளம் போடுகிறாள், மற்றவர்கள் பாடுவதைக் கேட்கிறாள். போட்டிக்குப் போவாளா என்று தாய் நேற்றும் கேட்டார். குரல் தெளிந்தால் ஐந்து கட்டையில் போவாள். தெளியாவிட்டால் நான் அனுப்ப மாட்டேன்.