கேள்வியும் சேர்ந்து எழுதும் பதில்

நாள்தோறும் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்டால், கேள்வித்தாள் எப்படி அச்சிடப்பட்டிருந்தாலும் அவர் ஒரே விடையைத்தான் சொல்வார் என்று நினைக்கத் தோன்றும். சமூக உளவியலாளர் நோர்பர்ட் ஸ்வார்ஸும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் ஜெர்மனியில் நடத்தி 1985-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பைத் தகர்த்தது. ஒரு தாளில் விடைக்கட்டங்கள் ‘அரை மணி நேரம் வரை’ என்று தொடங்கி ‘இரண்டரை மணி நேரத்துக்கு மேல்’ என்று முடிந்தன. மற்றொரு தாளிலோ முதல் கட்டமே ‘இரண்டரை மணி நேரம் வரை’ என்றிருக்க, கடைசிக் கட்டம் ‘நாலரை மணி நேரத்துக்கு மேல்’ என்றிருந்தது. இரண்டரை மணி நேரத்துக்கும் கூடுதலாகப் பார்ப்பதாகச் சொன்னவர்கள் முதல் தாளில் 16.2 சதவீதம், இரண்டாம் தாளில் 37.5 சதவீதம்.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. தொலைக்காட்சி பார்த்த நேரத்தை எவரும் கணக்கு எழுதி வைப்பதில்லை என்பதால், பதில் அந்த நொடியில்தான் உருவாகிறது: கேள்வியைப் புரிந்துகொண்டு, நினைவைத் துழாவி, கிடைத்ததை வைத்து ஒரு மதிப்பீட்டுக்கு வந்து, அதைத் தாளில் உள்ள கட்டங்களுள் ஒன்றில் பொருத்த வேண்டும். நினைவு கைகொடுக்காதபோது கட்டங்களே துப்பாகிவிடுகின்றன. நடுக்கட்டம்தான் ஊரில் பெரும்பாலோரின் வழக்கம் போலும் என்று எண்ணி, அதற்குச் சற்று முன்னோ பின்னோ குறியிடுகிறோம்.

எண்களும் இப்படிப் பேசும். வாழ்க்கையில் எந்த அளவுக்கு வெற்றி பெற்றிருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, பதினொரு புள்ளிகள் கொண்ட இரு அளவுகோல்களை ஸ்வார்ஸும் சக ஆய்வாளர்களும் 1991-இல் ஒப்பிட்டனர். 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் 34 சதவீதத்தினர் 5 அல்லது அதற்கும் கீழான எண்ணைத் தேர்ந்தனர். −5 முதல் +5 வரையிலான அளவுகோலில் அதற்கு இணையான கீழ்ப்பகுதியைத் தேர்ந்தவர்கள் 13 சதவீதமே. இரண்டிலும் கீழ்முனையில் இருந்த ‘சிறிதும் வெற்றி பெறவில்லை’ என்ற அதே சொற்கள் 0-வின் அருகில் வெற்றியின் இன்மையையும், −5-இன் அருகில் தோல்வியையும் குறிப்பதாக வாசிக்கப்பட்டன.

நேர்காணலில் புரியாததை விளக்கலாம், மழுப்பலான பதிலைத் தொடர்ந்து துருவலாம். ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்கையில், போதைப்பழக்கம் போன்றவற்றைப் பலர் குறைத்தே சொல்கிறார்கள். தனியாகத் தாளில் நிரப்பும்போது ஒப்புக்கொள்வது கூடுகிறது. ஆகவே நேர்காணல், வினாப்பட்டியல் இரண்டில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதிப்பதே பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. வினாப்பட்டியலைப் பரவலாகக் கொடுக்கும் முன், சிலரை அமர்த்தி, “இதில் ‘அடிக்கடி’ என்பதை வாரத்துக்கு எத்தனை முறை என்று எடுத்துக்கொண்டீர்கள்?” என்று கேட்டாலே பல கோளாறுகள் வெளிப்பட்டுவிடும். அவசரத்தில் நடத்தப்படும் ஆய்வுகளில் முதலில் கைவிடப்படுவதும் இந்தப் படிதான்.

மொழிபெயர்த்த வினாப்பட்டியலுக்கு இது இன்னும் இன்றியமையாதது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோல் 1987-இல் ஆங்கிலத்தில் உருவானது, தமிழிலும் பயன்படுகிறது. அதன் பத்து கூற்றுகளுள் ஒன்று, சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘விஷயங்கள் என் மேல் ஏறிக்கொண்டிருக்கின்றன’ என்றாகும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குறியிடும் தாய்க்கு அதில் பொருளே இராது. ‘எதையும் சமாளிக்க முடியாமல் திணறுகிறேன்’ என்றால்தான் அவருக்குத் தன் நிலை தெரியும். இதற்காகவே ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத மற்றொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிடும் முறை வழக்கத்தில் உள்ளது.

அப்படிச் செப்பமாக்கிய பின்னும், 30-க்கு இத்தனை என்று வரும் கூட்டுத்தொகை நோயை உறுதிப்படுத்துவதில்லை. யாரிடம் விரிவாகப் பேச வேண்டும் என்பதை மட்டுமே காட்டுகிறது. தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கும் பத்தாம் கூற்றில் ஒரு தாய் ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு எதைக் குறியிட்டிருந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அவரிடம் நேரில் அமர்ந்து பேசியே ஆகவேண்டும்.