சளி போன பிறகும் விடாத வறட்டு இருமல்

"டாக்டர், சளியெல்லாம் போயிடுச்சு, வறட்டு இருமல் மட்டும் விட மாட்டேங்குது. கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஆன்டிபயாடிக் எழுதுங்க." இதைக் கேட்காத நாளே இல்லை என்றாகிவிட்டது. எத்தனை பேருக்குத்தான் தனித்தனியாகச் சொல்வது?

ஜலதோஷம் வைரஸால் வருவது. வைரஸ் போனாலும், அது புண்ணாக்கிவிட்டுப் போன மூச்சுக்குழாய் ஆற நாளாகும். அதுவரை குளிர்காற்று, புகை, சென்ட் வாசனை, ஏன், வாய்விட்டுச் சிரித்தால்கூட இருமல் கிளம்பும். 3 வாரம் சாதாரணம். சிலருக்கு 8 வாரம்வரை இழுக்கும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. இங்கே கொல்வதற்கு எதுவும் இல்லை! "போன தடவை சாப்பிட்டதும் நின்னுடுச்சே" என்பீர்கள். மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்தால், நிற்கப்போகிற இருமல்தானே நின்றது? சளி மஞ்சளாக வந்ததும் சாட்சி ஆகாது. வைரஸ் சளியும் மஞ்சளாகும். மிச்சம் வைத்த பாதி அட்டையை எடுத்து விழுங்குவதில் கிடைப்பது வயிற்றுப்போக்கும், நாளை உண்மையிலேயே தேவைப்படும்போது வேலை செய்யாத மருந்தும்தான்.

அடுத்து சிரப். ஒரு பாட்டில் சளியை இளக்க, இன்னொன்று இருமலை அடக்க. இரண்டையும் சேர்த்துக் குடித்துவிட்டு வருகிறார்கள். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் தூக்கம் வரவழைக்கும் அதே மருந்து. அப்புறம் வண்டி ஓட்டுகிறார்கள். கோடீன் கலந்த சிரப்பை 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, மூச்சு மந்தமாகிவிடும்.

படுக்கும்முன் ஒரு ஸ்பூன் தேன் போதும், பலருக்குக் கேட்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்காதீர்கள். செருமச் செருமப் புண்தான். இருமல் முட்டும்போது எச்சிலை விழுங்கி, வாயை மூடி, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். சிகரெட்டைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: விடுங்கள்.

பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவே வறட்டு இருமலைத் தரும். பழி என்னவோ எப்போதோ வந்த சளிமேல் விழுகிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய மறுநாளே இருமல் நிற்காது, சில வாரம் ஆகும். இரவில் மட்டும் இருமல், கூடவே வீசிங் என்றால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும். நெஞ்செரிச்சலோடு வருவது வயிற்று அமிலத்தின் வேலையாக இருக்கலாம்.

இவ்வளவு சொன்னதால் எல்லா இருமலையும் சும்மா விட்டுவிடாதீர்கள். இருமலில் ரத்தம், மூச்சுத்திணறல் என்றால் காத்திருக்கவே வேண்டாம். இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். 8 வாரம் தாண்டினால் எக்ஸ்ரே எடுத்துவிடலாம். கைக்குழந்தை விடாமல் இருமி வாந்தி எடுத்தாலோ, இடையில் மூச்சு நின்றாலோ, தயவுசெய்து விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.