பராமரிப்பு இலவசமா?

கோலாலம்பூர் செந்தூலில் மோட்டார் சைக்கிளுக்குப் பேட்டரி மாற்றப் போனபோது கடையில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் இருந்தது. தமிழில் ‘பராமரிப்பு இலவச மின்கலம்’. இந்த ஆண்டில் இந்தத் தொடர் என் கண்ணில் படுவது மூன்றாவது தடவை. பக்கத்தில் நின்ற பெரியவர் அதைப் படித்துவிட்டு, “அப்போ சர்வீசுக்குக் காசு வாங்க மாட்டீங்களா தம்பி?” என்று கேட்டார். அவர்மேல் தப்பே இல்லை, எழுதியிருப்பது அதுதான்.

பேட்டரி என்பது அடித்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையில் பிறந்து, பீரங்கி வரிசைக்குப் பெயரான சொல். 1749இல் பெஞ்சமின் பிராங்கிளின், மின்னூட்டத்தைச் சேமிக்கும் லெய்டன் சாடிகளை வரிசையாக இணைத்து, அவற்றுக்கு அந்தப் பெயரை வைத்தார். 1800இல் வோல்ட்டா உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மின்சாரம் எடுத்தார். பல சேர்ந்தது என்பதுதான் சொல்லின் உயிர்.

கலம் என்றால் பாத்திரம், ஒற்றைப் பாத்திரம். டார்ச் லைட்டில் போடும் கட்டையை மின்கலம் என்றால் சரி. மோட்டார் பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஒரு மின்கலம், ஏறக்குறைய 2 வோல்ட், சேர்ந்தால் 12. அதற்குத்தான் பாடநூல்களில் ‘மின்கல அடுக்கு’ என்று அழகான சொல் இருக்கிறதே! நீளமாக இருக்கிறது என்கிறார்கள். அதற்காக மங்கோக் திங்காட் என்னும் அடுக்குப் பாத்திரத்தைக் கிண்ணம் என்போமா? ஆறில் ஓர் அறை செத்தாலே மீட்டர் பத்தரை வோல்ட் பக்கம் நின்றுவிடும், மோட்டார் கிளம்பாது. இதை ‘ஒரு மின்கலம் செத்ததால் மின்கலம் செத்தது’ என்றா எழுதுவது?

இதைக்கூட மன்னிக்கலாம். ‘இலவச’த்தை மன்னிக்க முடியாது. ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்பதுபோல் ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ வந்தால் கை தானாக இலவசம் என்று எழுதிவிடுகிறது. சர்க்கரை இலவச பிஸ்கட் என்றும் பார்த்தாயிற்று. மொழிபெயர்த்தவர் அகராதியைக்கூடப் புரட்ட வேண்டாம், பக்கத்து மலாய் வரியைப் பார்த்திருந்தால் போதும். அங்கே தேவையில்லாததைச் சொல்லும் ‘பெபாஸ்’தான் இருந்தது, காசில்லாததைச் சொல்லும் ‘பெர்சுமா’ இல்லை. காசில்லாததும் தேவையில்லாததும் வேறு வேறு என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

‘பராமரிப்பற்ற’ என்று திருத்துகிறவர்களும் உண்டு. பராமரிப்பற்ற கோயில் என்றால் என்ன? கவனிப்பாரின்றிப் பாழாய்க் கிடப்பது. புதுச் சரக்கை அப்படியா விற்பார்கள்! ‘பராமரிப்புத் தேவையில்லாத’ என்பது ஆங்கிலத்துக்கு நேரான தமிழ்தான். ஆனால் அந்த ஆங்கிலமே பாதிப் பொய். மூடிய பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டியதில்லை, சொல்லின் பொருள் அவ்வளவுதான். மற்ற கவனிப்பெல்லாம் அப்படியே இருக்கிறது.

பட்டர்வொர்த்தில் என் மச்சான் இந்தச் சொல்லை நம்பித் தன் கப்சாயை, அதாவது சின்ன மோட்டார் சைக்கிளை, இரண்டு மாதம் தொடாமல் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தால் பேட்டரி கோங். சார்ஜ் இறங்கியபடியே கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு சார்ஜை ஏற்காது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டிலிருந்து நான்கு ஆண்டு வரை உழைக்கும் பொருள் அது. நம்மூர் வெயில் அந்த ஆயுளையும் குறைக்கும், நிழலில் நிறுத்துவது நல்லது. நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் கவலையில்லை. 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். சந்தைக்கு ஐந்து நிமிடம் போய்வருவது, ஸ்டார்ட் செய்யச் செலவானதைக்கூடத் திருப்பித் தராமல் போகலாம். நாள்கணக்கில் ஊருக்குப் போவதென்றால் மைனஸ் கம்பியைக் கழற்றிவிட்டுப் போகலாம்.

ஆகவே என் தேர்வு, ‘நீர் ஊற்ற வேண்டாத மின்கல அடுக்கு’. பேச்சில் நானும் பேட்டரி என்றுதான் சொல்வேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்தப் பெரியவருக்குக் கடைப் பையன் சொன்ன பதில் இது: “சர்வீசுக்குக் காசு உண்டு தாத்தா. இதுக்குத் தண்ணி ஊத்த வேணாம், அவ்வளவுதான். ஆனா வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓட்டுங்க.” துண்டறிக்கையை அவனிடமே எழுதக் கொடுத்திருக்கலாம்.