400 எங்கே, 500 எங்கே: ஜாங்கோவில் தப்பான கோரிக்கைகள்

ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையத் தளம் கட்ட உதவும் கட்டமைப்பு) எழுதிய தளத்தை இணையத்தில் ஏற்றியதுமே பிழை மெயில்கள் குவியத் தொடங்கும். பெரும்பாலானவை ஹோஸ்ட் ஹெடர் (எந்தத் தளத்துக்கு என்று கோரிக்கையில் சொல்லும் வரி) செல்லாது என்பவை. ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் பாட்கள் எனும் தானியங்கி நிரல்கள் அந்த ஹெடரில் வெறும் ஐபி எண்ணையோ வேறொரு தளத்தின் பெயரையோ போட்டு அனுப்புகின்றன. அந்தப் பெயர் ஜாங்கோவின் 'அலவ்ட் ஹோஸ்ட்ஸ்' (அனுமதித்த பெயர்கள்) பட்டியலில் இல்லையென்றால் ஜாங்கோ 'டிஸ்அலவ்ட் ஹோஸ்ட்' எக்செப்ஷன் (பிழை) எழுப்பி, 400, அதாவது 'கோரிக்கை தப்பு' என்ற பதிலைத் தருகிறது.

2013-இல் வந்த இந்தப் பட்டியலுக்குக் காரணம் உண்டு. கடவுச்சொல் மாற்றும் இணைப்பை ஹோஸ்ட் ஹெடரை நம்பிக் கட்டினால், திருடன் தன் தளத்தின் பெயரை அதில் நுழைத்துவிடலாம். ஆகவே மெயில் தொல்லைக்குப் பயந்து பட்டியலில் எந்தப் பெயரையும் அனுமதிக்கும் நட்சத்திரக்குறி போடுவது வேலியைப் பிடுங்குவதுதான். ஜாங்கோவுக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸில், தெரியாத பெயர்களைப் பிடிக்க ஒரு 'டீஃபால்ட் சர்வர்' பகுதி வைத்து 444 கொடுங்கள். பதிலே சொல்லாமல் இணைப்பு அறுந்துவிடும், ஜாங்கோவரை வராது. 80 (http), 443 (https) இரண்டு போர்ட்டுக்கும் வேண்டும்.

கோப்புகள் நீங்கலாக 2.5 எம்பிக்கு மேல் தரவு வந்தாலும், 1000 புலங்களைத் தாண்டினாலும் ஜாங்கோ தானே மறுத்துவிடும். அட்மின் பக்கத்தில் ஆயிரத்துக்கு மேல் வரிசைகளைத் தேர்ந்து அழிக்கும்போது 400 வருவது இதனால்தான்.

மற்றதெல்லாம் நம் தலையில். ஜேசன் (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) உடைந்திருந்தால் 'ஜேசன் டீகோட் எரர்' மட்டும் பிடிப்பது போதாது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் அல்லாத பைட்டுகள் வந்தால் எழுவது 'யூனிகோட் டீகோட் எரர்'. அது நழுவி 500, அதாவது சர்வர் பிழை ஆகும். இரண்டுக்கும் தாயான 'வேல்யூ எரர்' பிடியுங்கள். பிரித்த பிறகு வந்தது பெயர்-மதிப்பு ஜோடிகளான டிக்‌ஷனரிதானா என்றும் பாருங்கள். வெறும் 7 என்பதும் செல்லுபடியாகும் ஜேசன்தான்.

எண்களிலும் சறுக்கல் உண்டு. பைத்தானின் 'இஸ்டிஜிட்' (இலக்கம்தானா என்ற) சோதனையில் ² தேறும், எழுத்தை எண்ணாக மாற்றும் 'இன்ட்' அதில் உடையும். ௧௨ என்று தமிழ் எண் கொடுத்தால் 'இன்ட்' சமர்த்தாக 12 ஆக்கிவிடும்; ஆனால் யூஆர்எல் பாதையிலுள்ள 'இன்ட்' கன்வெர்ட்டர் 0 முதல் 9 வரைதான் ஏற்கும், எனவே 404 ('பக்கம் இல்லை').

எழுத்துக்கு நடுவே ஒரு 'நல்' (null) பைட், அதாவது மதிப்பு பூஜ்யமான பைட் ஒளிந்து வந்தால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஏற்காது; சேமிக்கும் இடத்தில் 500 வெடிக்கும். ஜாங்கோ ஃபார்மின் 'கேர்ஃபீல்ட்' இதை முன்கூட்டியே தடுக்கிறது. ஃபார்மைத் தவிர்த்து ரிக்வெஸ்டிலிருந்து நேராக மாடலில் (தரவுத்தள அட்டவணைக்கான வகுப்பு) எழுதும் வியூக்களில்தான் (கோரிக்கையைக் கையாளும் நிரல்கள்) இது மாட்டும்.